துறைமுகநகரும் பெருநிலமும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொழும்பின் நவீனமயமாக்கமும் வன்னியும்

இலங்கையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் கொழும்பையும் வன்னியையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்தே நோக்கி வந்துள்ளனர். முன்னது வளர்ச்சியின் வரலாறு: அலைதடுப்பு அணை, புகையிரதம், மாநகரசபை, குழாய்நீர், பத்திரிகை, தொழிற்சங்கம் எனப் படிப்படியாக உயர்ந்து செல்வது. பின்னது தேய்வின் வரலாறு: பண்டாரவன்னியனோடு முடிந்துவிடுவது, அதன்பின் காடும் காய்ச்சலும் தூர்ந்த குளங்களுமே எஞ்சுவன. ஒன்று வரலாற்றுக்கு உரியது, மற்றையது இயற்கைக்கு உரியது என்ற எண்ணத்தை இப்பாகுபாடு வாசகர் மனத்திற் பதித்துவிடுகின்றது. வன்னி பின்தங்கியது ஏன் என்ற வினா எழும்போது, அது எக்காலமும் அவ்வாறே இருந்ததென விடையளிப்பதும் எளிதாகின்றது. இவ்விரு அத்தியாயங்களையும் அருகருகே வைத்து வாசிப்பின் வேறொரு தோற்றம் புலப்படும் என்பது எமது கருத்து. கொழும்புத் துறைமுகத்தின் முதலாவது அலைதடுப்பு அணை 1885 இல் நிறைவெய்தியது, ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில நிருவாகி வன்னி மாவட்டங்கள் பற்றிய தமது கைந்நூலை 1895 இல் வெளியிட்டார். இவ்விரண்டிற்கும் இடைவெளி பத்து ஆண்டுகளே. ஒரே ஆட்சியின் இரு கைவேலைகள் இவை.

ஒப்பீட்டை நூற்றாண்டின் வாயிலிலிருந்து தொடங்குதல் பொருந்தும். பிரித்தானியர் முல்லைத்தீவை 1795 இலும் கொழும்பை 1796 இலும் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அக்காலத்தில் இவ்விரண்டும் அளவால் வேறுபட்டனவாயினும் வகையால் முற்றாக வேறுபட்டன அல்ல. இரண்டிடத்தும் கோட்டை இருந்தது. இரண்டிடத்தும் பாதுகாப்பான துறைமுகம் இருக்கவில்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, தோணிகளும் வள்ளங்களும் சரக்கைக் கரைசேர்த்தன. கொழும்பைத் தென்மேற் பருவக்காற்று அலைக்கழித்தது. முல்லைத்தீவை வடகீழ்ப் பருவக்காற்று அலைக்கழித்தது. கொழும்பு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் கறுவா வாணிபத்தின் தலைமையிடமாகி ஏற்கெனவே பெருநகராயிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் முல்லைத்தீவும் வெறுங் கரையோரக் குடியிருப்பன்று. 1780களில் வன்னிமைகளை அடக்கிய ஒல்லாந்தப் படையதிகாரி நாகல் அதனையே தமது நிருவாகத் தலைமையிடமாகக் கொண்டார். பண்டாரவன்னியன் 1803 இல் தாக்கிக் கைப்பற்றியதும் அங்கிருந்த பிரித்தானியக் காவலிடத்தையே. அவ்வாண்டு ஒக்ரோபர் 31 இல் கற்சிலைமடுவில் அவன் தோற்கடிக்கப்பட்டதை எம்மிற் பலர் அறிவர். அவன் முதலிற் குறிவைத்த இடம் ஏன் ஒரு துறையாக இருந்தது என்று கேட்டவர் சிலரே. பெருநிலத்தின் நெல்லும் மரமும் தேனும் மெழுகும் கருவாடும் வெளியேறும் வாயிலும், வெளியிலிருந்து துணியும் பிற பண்டங்களும் உட்புகும் வாயிலும் அதுவேயாகும். அவ்வாயிலை வைத்திருப்பவனே வன்னியை வைத்திருப்பவன் ஆவான்.

பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை, மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலை என்று தொடர்ந்த சிறுதுறைகளின் வலைப்பின்னல் ஒன்று அந்நாளில் நிலவியது. அது சோழமண்டலக் கரையோடு நேரடித் தொடர்புடையது. கொழும்பைக் கேட்டு அது இயங்கவில்லை. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணத் தீபகற்பத்துள் இறங்கி, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறி இந்தியா சென்றன. பெருநிலம் பலதிசை முகங்களை உடையதாக இருந்தது என்று சொல்வோமாயின் மிகையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அம்முகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி ஒரே திசையை நோக்க வைத்தது.

இதன் முதற்படி சட்டமும் நிருவாகமும் ஆகும். கோல்புறூக், கமறன் ஆகியோரின் விதப்புரைகளை அடுத்து 1833 இல் தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாக ஒருங்கிணைக்கப்பட்டுக் கொழும்பிலிருந்து ஆளப்படலாயிற்று. வன்னி யாழ்ப்பாணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட வடமாகாணத்தின் ஒரு பகுதியாயிற்று. இதன்பின் வன்னியின் விடயங்கள் முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்திற்கும், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பிற்கும் சென்று திரும்பவேண்டியனவாயின. 1829 முதல் 1867 வரை டைக், 1869 முதல் 1896 வரை ருவைனம் என இரு அரசாங்க அதிபர்களே நூற்றாண்டின் பெரும்பகுதியில் வடமாகாணத்தை ஆண்டனர். அவர்கள் கண்ணுக்கு வன்னி ஒரு சுற்றுலா நிலமே. ஆண்டிற்கொருமுறை கூடாரத்தோடு சென்று பார்த்து வரவேண்டியது.

இரண்டாவது படி கோப்பி. 1830களில் மலைநாட்டிற் பரவத் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை கொழும்பின் தன்மையையே மாற்றியது. கறுவாத் துறை பெருந்தோட்டத் துறையாயிற்று. கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே வீதி அமைந்தது. பின்னர், 1867 இல், புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. பாதை எத்திசையிற் செல்கிறது என்பதை அதன்மீது செல்லும் பண்டம் தீர்மானிக்கின்றது. மலையிலிருந்து கோப்பி இறங்க, கொழும்பிலிருந்து அரிசி ஏறியது. தோட்டத் தொழிலாளரின் அரிசி உள்நாட்டு வயல்களிலிருந்தன்றி இந்தியாவிலிருந்தும் பின்னர் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. வன்னி நெல்லை மாட்டுவண்டியிற் காட்டுவழியே மலைநாட்டிற்கு ஏற்றுவதிலும், கடல்கடந்து வரும் அரிசியைப் புகையிரதத்தில் ஏற்றுவது வணிகருக்கு உவப்பானதாயிருந்ததில் வியப்பில்லை. குளங்கள் தூர்ந்தமையால் வயல்கள் அழிந்தன என்பது உண்மையே. வயலுக்குச் சந்தை இல்லாமையும் குளம் தூர்வதற்கு ஒரு காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

இனித் துறைமுகம். கொழும்பை இயற்கை தந்த துறைமுகம் எனப் பலர் கருதுகின்றனர். அது பிழை. இயற்கை இலங்கைக்குத் தந்த பெருந்துறைமுகம் திருகோணமலை. அது வன்னியின் கிழக்கு வாயிலுக்கு அண்மையில் உள்ளது. நீண்டதூர நீராவிக் கப்பல்கள் தங்கிச்சென்ற துறையோ காலி. கொழும்பின் கடலோ வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கொந்தளிப்பது. சரக்கேற்றும் படகுகள் கவிழ்வதும் கப்பல்கள் நாட்கணக்கிற் காத்திருப்பதும் வழக்கமாயிருந்தன. அவ்வாறிருந்தும் கொழும்பே தெரிவு செய்யப்பட்டமைக்குக் காரணம், கோப்பித் தோட்டங்களிலிருந்து வந்த புகையிரதப் பாதை அங்கு முடிவடைந்தமையே. 1869 இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டு, ஐரோப்பாவுக்கும் கீழைநாடுகளுக்கும் இடைப்பட்ட கடற்பயணம் குறுகியதும் இத்தெரிவு அவசரத் தேவையாயிற்று. தேசாதிபதி கிரெகறியின் காலத்தில், 1875 டிசம்பர் 8 இல், வேல்ஸ் இளவரசர் அணைக்கு அடிக்கல் நாட்டினார். அணையை வரைந்தவர் ஜோன் கூட் என்ற பொறியியலாளர்.

அவ்வணை கட்டப்பட்ட விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. கடலடியிற் பாறைத் துண்டுகளைக் குவித்து மேடாக்கி, அதன்மீது பல தொன் நிறையுள்ள கொங்கிறீற்றுக் கட்டிகளைப் பாரந்தூக்கி கொண்டு சாய்வாக அடுக்கிச் சென்றனர். ஒவ்வோராண்டும் தென்மேற் பருவக்காற்று வேலையை நிறுத்தியது. காற்றுத் தணிந்ததும் மீண்டுந் தொடங்கியது. 4,200 அடிக்கு மேல் நீண்ட அத்தென்மேற்கு அணை முடிவதற்குப் பத்து ஆண்டுகள் சென்றன. ஏழு இலட்சம் பவுணுக்கு மேற் செலவாயிற்று. அதற்கான கல், கொழும்பை அடுத்த மகர என்னுமிடத்திற் பெயர்க்கப்பட்டது. பெயர்த்தோர் கைதிகள். இக்கைதிகளைப் பற்றித் துறைமுகத்தின் புகழ்பாடும் நூல்கள் ஒருவரியிற் சொல்லி அப்பாற் செல்கின்றன. கூலி பெறாத உழைப்பு பழைய நிலமானிய முறையின் எச்சமென்று கூறி இராசகாரியத்தை 1832 இல் ஒழித்த ஆட்சி, நாற்பது ஆண்டுகளின் பின் தனது மிக நவீனமான கட்டுமானத்தைக் கூலி பெறாத உழைப்பைக் கொண்டே எழுப்பியது.

பணம் எங்கிருந்து வந்தது என்ற வினாவும் உண்டு. குடியேற்றநாட்டின் பொது வருவாயைப் பிணையாக வைத்துப் பெற்ற கடனே அதன் அடிப்படை. பொது வருவாயிலோ தோட்டத்துரை செலுத்திய தீர்வை மட்டுமன்றி, உப்பின்மீது அரசு கொண்டிருந்த தனியுரிமையால் வந்த வருமானமும் நெல்வரியும் அடங்கும். நாயாற்றிலும் நந்திக்கடலிலும் வெயிற்காலத்தில் உப்பு தானாகவே விளைவது. தன் வீட்டு வாயிலில் விளைந்ததை அள்ளுவது குற்றமென்றும், அரசின் உப்பையே வாங்குதல் வேண்டுமென்றும் விதிக்கப்பட்ட முல்லைத்தீவுக் குடிமகனும் கொழும்பின் அணையில் ஒரு கல்லை வைத்தவனே ஆவான். அவ்வணையால் அவன் அடைந்த பயன் யாது என்ற கணக்கை எந்த அறிக்கையும் எழுதவில்லை.

அணை எழுந்ததும் காலி வீழ்ந்தது. பெருங் கப்பற் கும்பனியான பி. அண்ட் ஓ. 1882 இலேயே கொழும்பிற்கு மாறிவிட்டது. நிலக்கரி ஏற்றும் நிலையமாகவும், கீழைத்தேயக் கடல்வழிகள் கூடும் சந்தியாகவும் கொழும்பு மாறியது. கோப்பியை 1869 இல் தொற்றிய இலைநோய் 1880களில் அப்பயிரை ஏறத்தாழ முற்றாக அழித்தபோதும் கொழும்பு வீழவில்லை. தேயிலை வந்து அவ்விடத்தை நிரப்பியது. ஒரு பயிரின் அழிவைத் தாங்கிக்கொள்ளும் வல்லமையை அணையும் புகையிரதமும் அதற்கு அளித்திருந்தன.

நகரமும் உருமாறியது. ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை மதில்கள் 1869 தொடக்கம் 1871 வரை இடிக்கப்பட்டன. இராணுவ நகரம் வணிக நகரமாகியதன் அடையாளம் அது. 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்வழி மாநகரசபை அமைந்தது, வாக்குரிமை சொத்துடையோருக்கே. லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து 1886 இல் குழாய்நீர் வந்தது. 1871 இல் ஓர் இலட்சத்தை நெருங்கியிருந்த குடித்தொகை 1901 இல் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது.

இக்குடித்தொகையின் பன்மை கொழும்பின் தனிச்சிறப்பாகப் போற்றப்படுவது. கோட்டையில் ஐரோப்பியர், புறக்கோட்டையிற் சோனகர், போராக்கள், மேமன்கள், செட்டியார்தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார், கொம்பனித்தெருவில் மலாயர், கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் கத்தோலிக்கரும் கொழும்புச் செட்டிகளும் இந்தியத் தமிழரும், அரசாங்க அலுவலகங்களிற் பறங்கியரும் யாழ்ப்பாணத்தவரும், எங்கும் கரையோரச் சிங்களவர். வொல்வெண்டால் ஒல்லாந்தத் தேவாலயத்திலிருந்து சிறிது தூரத்திற் பொன்னம்பலவாணேசர் கோயில் எழுந்தது. கதிர்காம யாத்திரை வாந்திபேதி அச்சத்தாற் கட்டுப்படுத்தப்பட்டபோது செட்டிமார் ஆடிவேலைக் கொழும்பு வீதிகளிலேயே ஓட்டினர். இவையெல்லாம் உண்மை. ஆயினும் இப்பன்மையைச் சமரசத்தின் காட்சியாக மட்டும் வருணிப்பது எமக்கு உடன்பாடன்று. இனத்துக்கொரு தொழில், தொழிலுக்கொரு தெரு என்ற பகுப்பு துறைமுகப் பொருளாதாரத்தின் தேவையிலிருந்து எழுந்தது. ஆங்கில வங்கி செட்டியாருக்குக் கடன்கொடுத்தது. செட்டியார் சிறு வணிகனுக்குக் கொடுத்தார். சிறு வணிகன் வண்டிக்காரனுக்குக் கொடுத்தான். சந்தை ஒன்றாயிருந்ததேயன்றி மக்கள் ஒன்றாயிருக்கவில்லை. 1883 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிற் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் மூண்ட கலவரம் அதனைக் காட்டிற்று.

அதே நகரம் வேறொன்றையும் பிறப்பித்தது. 1893 இல் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து இலங்கையின் முதலாவது தொழிற்சங்கத்தை அமைத்தனர். 1896 இற் சலவைத் தொழிலாளரும், 1906 இல் வண்டிக்காரரும், 1912 இற் புகையிரதத் தொழிலாளரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1927 இல் துறைமுகமே நின்றது. தெருவாற் பிரிந்திருந்தோர் தொழிலாற் கூடக்கூடும் என்பது அணையை வரைந்தவர்களின் திட்டத்திற் காணப்படாத விளைவாகும். குமாரி ஜயவர்த்தனா தமது ஆய்வில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியுள்ளமையால் ஈண்டு விரிக்க வேண்டியதில்லை.

பெருநிலத்திற்குத் திரும்புவோம். துறைமுகநகரின் கை வன்னியை எவ்வாறு தொட்டது என்பதற்கு முதற்சான்று யானை. ஒல்லாந்தர் காலத்தில் திறைப்பொருளாகவும் விலைப்பொருளாகவும் இருந்த இவ்விலங்கு, பிரித்தானியர் காலத்திற் கொன்றாற் சன்மானம் பெறும் பீடையாயிற்று. 1848 இற்கு முந்திய மூன்றாண்டுகளுக்குட்பட்ட காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் சன்மானத்துக்காகக் கொல்லப்பட்டதாக எமர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். காட்டு யானை பயிரை அழிப்பது உண்மையாயினும், ஒரு தலைமுறைக்கு முன் வன்னியின் செல்வமாக எண்ணப்பட்டது அவ்வளவு விரைவில் மதிப்பிழந்தமைக்கு, வன்னி வழங்கக்கூடிய எதுவும் புதிய வாணிபத்திற்கு வேண்டப்படவில்லை என்பதே காரணம்.

வேண்டப்பட்டது ஒன்று: வழி. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, பெருநிலத்தின் மேற்கு, தென்மேற்குக் காடுகளினூடாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தனர். நூறு மைலுக்கு மேற்பட்ட இப்பயணத்தின் முற்பகுதி நீரற்றது, குடியிருப்பு அருகியது. கங்காணியின் பின்னே ஆணும் பெண்ணும் குழந்தையும் நடக்க, வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களைத் தொடர்ந்தன. ஆயிரக்கணக்கானோர் வழியிலே மடிந்தனர். நோயுற்றவரை விட்டுவிட்டுக் கூட்டம் முன்செல்வது வழக்கமாயிருந்தது. நோய் பாதையோரக் கிராமங்களையும் பற்றியது. அரசாங்கம் பின்னர் தங்குமடங்களும் கிணறுகளும் மருந்திடங்களும் அமைத்ததாயினும், அவை தோட்டத்திற்கு ஆட்கள் உயிரோடு சென்றடைய வேண்டும் என்ற கணக்கிலிருந்து பிறந்தவை. கொழும்பிற் கப்பலேறிய ஒவ்வொரு கோப்பி மூட்டைக்கும் பின்னால் இப்பாதை இருந்தது. கொழும்பின் நவீனம் வன்னியைத் தொடவில்லை என்போர் இப்பாதையை மறந்தவர்கள்.

நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் கொள்ளைநோய் பரவியதை அடுத்து வடபாதை மூடப்பட்டது; தொழிலாளர் தூத்துக்குடியிலிருந்து கப்பலிற் கொழும்பிற்கே கொண்டுவரப்பட்டனர். மனிதரும் இப்போது பண்டங்களைப் போலவே ஒரே துறையினூடாக இறங்கினர். 1914 இற் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின் பழைய வழியின் அருகே பயணிகள் மீண்டும் வந்தனர். ஆயின் வண்டியின் யன்னலூடாகவே காட்டைக் கண்டனர்.

வீதிகள் பற்றியும் ஒருவார்த்தை. 1848 ஆம் ஆண்டு வீதிச் சட்டம் பதினெட்டிற்கும் ஐம்பத்தைந்திற்கும் இடைப்பட்ட ஆண்கள் அனைவரும் ஆண்டுக்கு ஆறுநாள் வீதி வேலை செய்யவோ அன்றி மூன்று சிலிங் செலுத்தவோ வேண்டுமென விதித்தது. மாத்தளையில் அது கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. சனச்செறிவு மிகுந்த கரையோரத்தில் அச்சுமை பலரிடையே பங்கிடப்பட்டது. ஊருக்கும் ஊருக்கும் பல மைல் காடு கிடந்த வன்னியிலோ, சிலர் நீண்ட வீதிக்குப் பொறுப்பாயினர். அவ்வீதி அவர்களின் சந்தைக்குச் செல்லவில்லை. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைப்பதற்காக அவர்களைக் கடந்து சென்றது.

முல்லைத்தீவின் தேய்வை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். எவரும் அதனை அழிக்கவில்லை. பாய்க்கப்பலுக்குப் போதுமாயிருந்த திறந்தகரை நீராவிக் கப்பலுக்குப் போதவில்லை. அதற்கென ஓர் அணையோ முறையான இறங்குதுறையோ அமைப்பதற்கு எவருடைய இலாபமும் அங்கிருக்கவில்லை. சிறுதோணிகள் வந்துபோயின, முல்லைத்தீவு, முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பகுதிகளிற் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்தனர், வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சுற்றுப்புறமெல்லாம் திரண்டது. பன்மை கொழும்புக்கு மட்டும் உரியதன்று. ஆனால் இச்சிறு பன்மைக்கு வளரும் சந்தை கிடைக்கவில்லை. நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் முல்லைத்தீவுக்கு ஒரு வெளிச்சவீடு வந்தது. கொழும்பையும் வங்காளக் குடாவையும் இணைத்த கப்பல்கள் கரையை அணுகாது விலகிச் செல்வதற்கு அது உதவியது. துறைக்குக் கிடைத்த நவீனம், துறையை விட்டு விலகுக என்று சொல்லும் விளக்காக இருந்தது.

இவ்விடத்து எமது கூற்றிற்கு எதிராக எழக்கூடிய நியாயங்களையும் கருதுதல் தகும். வன்னியின் மக்கட்டொகை பிரித்தானியர் வருகைக்கு முன்னரே குறைந்திருந்தது. ஒல்லாந்தரின் படையெடுப்பும் அதற்கு முந்திய போர்களும் காய்ச்சலும் அதற்குக் காரணமாயின. வன்னிமைகளின் ஆட்சி சமத்துவத்தின் பொற்காலமுமன்று. சாதியால் வரையறுக்கப்பட்ட ஊழியமும் அடிமைமுறையும் அங்கும் இருந்தன. யாழ்ப்பாணத்து உயர்குழாத்தினரும் வன்னியைத் தண்டனை இடமாற்றத்துக்குரிய இடமாகவும், நெல்லுக்கும் மரத்துக்கும் உரிய காணியாகவுமே நோக்கினர். அந்நோக்கு இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னும், ஏற்கெனவே மெலிந்திருந்த ஒரு பிரதேசத்தை மேலும் மெலியவிடுவது இலாபமாயிருந்த பொருளாதாரம் எது என்ற வினா எஞ்சியே நிற்கின்றது.

1905 ஆம் ஆண்டு இவ்வகையில் ஓர் எல்லைக்கோடு. அவ்வாண்டு சனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பதவியேற்க வந்த லெனாட் வூல்ப், கொழும்பிலிருந்து அனுராதபுரம் வரை புகையிரதத்தில் வந்து, அங்கிருந்து ஆனையிறவு வரை வன்னிக் காட்டினூடாக மாடுகள் இழுத்த அஞ்சல் வண்டியிற் பயணஞ் செய்தார். வோல்ட்டயரின் நூற்றொகுதிகள் தொண்ணூறையும் ஒரு நாயையும் அவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்திருந்தார். ஐரோப்பிய அறிவொளி மாட்டுவண்டியில் வந்தது என்று சிரிப்பதற்கு இடமுண்டு. வடபுலப் புகையிரதப் பாதையின் காங்கேசன்துறை–சாவகச்சேரிப் பகுதி 1902 இலேயே ஓடத் தொடங்கியிருந்தது. தெற்கிலிருந்து வந்த பாதை அனுராதபுரத்தை எட்டியிருந்தது. இரு முனைகளும் பூர்த்தியான பின்னர், கடைசியாக நிரப்பப்பட்ட இடைவெளியே வன்னி. 1905 ஓகஸ்ட் முதலாந் திகதி கொழும்பும் யாழ்ப்பாணமும் இணைந்தன.

அப்பாதை பெருநிலத்தின் முகத்தை அறுதியாகத் திருப்பியது. வவுனியா விளாங்குளம் என வழங்கிய சிற்றூர் வவுனியா நகராயிற்று. மாங்குளம் முல்லைத்தீவின் புதிய துறையாயிற்று எனலாம்; கடலருகே வாழ்ந்தவன் உலகை அடைவதற்கு முப்பது மைல் உள்நாட்டுக்குச் செல்லவேண்டியவனானான். 1902 இல் தொடங்கிய இரணைமடுக் குளவேலை 1920களின் தொடக்கத்தில் முடிவுற, 1936 இல் யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தைத் தணிக்கும் நோக்குடன் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவானது. இதுவும் வளர்ச்சியே, மறுக்கவில்லை. ஆயினும் வன்னிக்கு வெளியே எழுந்த தேவைக்கு வன்னி விடையாக்கப்பட்ட முறை இதிலும் தொடர்ந்தது. யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்கள் பலருக்கு, இரவுத் தபால் வண்டியில் உறங்கிக் கழிக்கும் இருளாகவே அது நெடுங்காலம் இருந்தது. 1990 இற் போரினால் அப்பாதை நின்றது. தெற்கிலிருந்து புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது 2013 இல், யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 இல். அதே 1990 இல் முல்லைத்தீவு முஸ்லிம்களும் வடபுலத்தின் ஏனைய முஸ்லிம்களோடு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வெளிச்சவீட்டையும் போர் அழித்தது; 2004 இற் கடல் நகரையே அழித்தது; 2009 இல் நிகழ்ந்ததை ஈண்டு எழுத வேண்டியதில்லை.

வடபாதையால் நடந்தவர்களின் வழித்தோன்றல்கள் பற்றிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. 1970களின் தொடக்கத்தில் தோட்டங்களிற் பட்டினி மிகுந்தபோதும், 1977 வன்செயல்களின் பின்னும் மலையகத்திலிருந்து பல்லாயிரவர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் வந்து குடியேறினர். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களுக்குத் துணைநின்றன. அதன் முன்னோடிகளுள் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். பாட்டன் பாட்டியர் நீரின்றிக் கடந்த காட்டிற் பேரர்கள் கிணறு தோண்டினர். கோப்பிக்கும் தேயிலைக்கும் கொழும்புக்கும் உழைத்த பரம்பரையில் முதன்முதலாகத் தமக்கென நெல் விதைத்தவர்கள் அவர்கள். விதைத்த காணிக்கு உறுதி கேட்டுக் கச்சேரி வாயில்களில் அவர்களிற் பலர் காத்திருந்த ஆண்டுகள், கொழும்பில் அணை கட்டிய ஆண்டுகளிலும் மிகுந்தவை.